ஓய்வு நேரம்: ஞாயிறு காலை

சபையில் வாலிபப் பிள்ளைகளைக் காணோம் என்று முதலில் கூச்சல் போட்டவர் சபைச் செயலாளர்தான். ஆலயத்தில் இடதுபக்கம் கடைசி நான்கு பெஞ்சுகள் அந்தப் பிள்ளைகளுக்கென்று விடப்பட்டிருந்தன. சில மாதங்களாக அவற்றில் உட்கார ஆளில்லை. முன் பெஞ்சுப் பெண்கள் தங்கள் கைப்பைகளையும் மழைக்கோட்டுகளையும் அங்கே வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு அந்தப் பக்கம் போன செயலாளர், நான்கு பெஞ்சிலும் சேர்த்து இரண்டே பிள்ளைகளையும் ஒன்பது கைப்பைகளையும் கண்டு திடுக்கிட்டார். ஒரு தலைமுறையே கைநழுவிப் போகிறது என்று அன்றே போதகரிடம் சொன்னார்.

செயலாளருக்குப் பிழைப்பு டிரைவிங் ஸ்கூல். இரண்டு பழைய கார்கள், வாசலில் ஒரு பலகை, உள்ளே சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய படம், ஒரு மேசை. பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டக் கற்பவர் தடுமாறினால் அவர் மிதிப்பார், வண்டி நின்றுவிடும். இருபது வருடம் அந்தப் பிரேக்கில் கால் வைத்தே உட்கார்ந்திருந்ததில், உலகத்தில் யார் எதை ஓட்டினாலும் தன் காலடியில் ஒரு பிரேக் இருப்பதுதான் நியாயம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான், சபையிலும் அப்படித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். செல்போன் என்றார் ஒருவர். சினிமாப் பாட்டு என்றார் இன்னொருவர். கூடாத சிநேகிதம் என்றார் பொருளாளர். அவர் ஒரு ஃபர்னிச்சர் கடை முதலாளி. பேச்சுக்குப் பேச்சு மேசையைத் தட்டுவார், மேசை எப்படிப்பட்ட மரம் என்று பார்ப்பதுபோல. உலகத்தின் கவர்ச்சி என்று பொதுவாகச் சொல்லிவைத்தார் போதகர். யாருடைய மனமும் நோகாத காரணம் அதுதான். செல்போனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் எட்டுப் பேரில் ஆறு பேர் மேசைக்கடியில் செல்போன் பார்த்தார்கள்.

செயலாளருக்கும் பதினாறு முடிந்த ஒரு மகள் உண்டு. ஒரே பெண். அவளும் ஐந்து மாதமாக ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லைதான். ஆனால் காணாமல்போன பிள்ளைகளின் பட்டியலை எழுதியபோது அவளை அவர் சேர்க்கவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவருக்குத்தான் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை டியூஷன் சென்டரில் இருந்தாள். அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். வழியில்தான் ஆலயம். ஏழே முக்காலுக்கு மகளோடு அதைத் தாண்டிப் போவார். எட்டேகாலுக்குத் தனியாகத் திரும்பி வந்து, சட்டையில் சிலுவை பேட்ஜ் குத்திக்கொண்டு, வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுப்பார். பொண்ணு எங்கே என்று யாராவது கேட்டால் "பரீட்சை வருஷம்" என்பார். கேட்டவர்கள், வீட்டில் சீக்காளி இருப்பதாகச் சொன்னதைப்போல அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

கமிட்டி முடிவின்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம் கருத்தரங்கு நடந்தது. இக்காலத்து நெருக்கடிகளுக்கு நடுவே விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி என்று தலைப்பு. பேச வந்தவர் இளைஞர் ஆலோசகர். வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. பேன்ட் இரண்டு முழங்காலிலும் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலைப் பார்த்துப் பிள்ளைகள் தன்னை அவர்களில் ஒருவனாக ஏற்றுக்கொள்வார்கள் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" என்று குதித்துக்கொண்டே மேடைக்கு வந்தார். பதினொரு பிள்ளைகள், அவர்களை வலுக்கட்டாயமாக இழுத்து வந்த பெற்றோர்கள், கமிட்டி. ஒரு பிளாஸ்டிக் கூடையைச் சுற்றவிட்டுப் பிள்ளைகளின் செல்போன்களையெல்லாம் அதில் போடச் சொன்னார். பிறகு தன் செல்போனை எடுத்து, அதைத் தட்டித் தட்டித் திரையில் படம் காட்டினார். முதல் படத்தில் ஒரு செல்போன். அதைச் சுற்றிச் சங்கிலி.

முக்கால் மணி நேரம் கழித்து ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். உனக்கும் கடவுளுக்கும் நடுவே எது நிற்கிறது, பெயர் போடாமல் எழுது என்றார். செயலாளர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், பாருங்கள், இப்போது எல்லாக் குட்டும் உடையும் என்று காதைக் கடித்தார்.

உடைந்தது. ஆலோசகர் முதல் சீட்டைப் பிரித்து, 'ஞாயிறு டியூஷன்' என்று வாசித்தார். பெற்றோர்கள் சிரித்தார்கள். இரண்டாவது சீட்டும் டியூஷன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது, 'செல்போன்.' அதை எழுதியது பொருளாளரின் இளைய மகன் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை. அதற்குப் பிறகு தொடர்ந்து மூன்று டியூஷன். ஒன்றில் 'என் அண்ணன்' என்றிருந்தது. ஒன்றில் வெறும் பூனைப் படம். இன்னொரு டியூஷன். ஆலோசகரின் குரலில் குதிப்பு போய்விட்டது. பத்தாவது சீட்டில் எழுத்து கொஞ்சம் அதிகமாக இருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷன். ஆனால் இதைச் சொன்னால், அது வேற விஷயம் என்பீர்கள்.'

"அது வேற விஷயம், ஃப்ரெண்ட்ஸ்" என்றார் ஆலோசகர்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பின்வரிசையில் பிள்ளைகள் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். பெற்றோர்கள் பக்கம் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆலோசகர் பதினோராவது சீட்டைப் பிரிக்கவே இல்லை. கண்ணை மூடி ஜெபிப்போம் என்றார். கூட்டத்தின் வாயை அடைக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

பத்தாவது சீட்டை ஆலோசகர் உயர்த்திப் பிடித்தபோது, முன்வரிசையில் இருந்த செயலாளருக்கு எழுத்து தெரிந்துவிட்டது. 'ழ'கரத்தின் வாலை அடுத்த வரி வரை இழுத்துவிடுகிற கை அவர் வீட்டில்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டு, சபை நடுவே அப்பனைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று ஆரம்பித்தார். பெயர் போட வேண்டாம் என்று அந்த ஆலோசகர்தானே சொன்னார், நான் யாரையும் சொல்லவில்லையே என்றாள் அவள். செயலாளர் ஓட்டக் கற்க வந்தவருக்குக் கியர் மாற்றுவதை விளக்குகிற பொறுமையோடு விளக்கினார். சென்டரில் ஞாயிறு காலை நடப்பது ஸ்டார் பேட்ச், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான வகுப்பு. அதில் இடம் கிடைக்கத் தவம் கிடக்கிறார்கள். நல்ல மார்க், நல்ல கல்லூரி, அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்கக் கோயில்தான், யார் தடுக்கப் போகிறார்கள்.

"இந்த ஒரு வருஷம்தானே பாப்பா. கடவுள் எங்கயும் போயிட மாட்டார்" என்றார்.

"அவர் போகமாட்டார்ப்பா. நான் போயிடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. தான் ஒன்றும் பெரிய பக்திசாலி இல்லை என்று அவளே சொன்னாள். பிரசங்கத்தில் பாதி அவளுக்குத் தூக்கம் வரும். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருக்கிற ஒன்றரை மணி நேரம் யாரும் அவளுக்கு நம்பர் போடுவதில்லை. சென்டரில் வாரம் ஒருமுறை சுவரில் பட்டியல் ஒட்டுகிறார்கள். பதினேழாவது இடத்திலிருந்து இருபத்திரண்டுக்குப் போன அன்று பக்கத்தில் இருந்தவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். முதல் மாதம் ஞாயிறு ஆராதனை போனதே என்று கஷ்டமாக இருந்தது. மூன்றாம் மாதம் பழகிவிட்டது. இப்போது ராத்திரி ஜெபம் செய்யாமல் படுத்தால்கூட ஒன்றும் தோன்றுவதில்லை. அந்த ஒன்றும் தோன்றாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

பதில் தெரியாதபோது பெரியவர்கள் செய்வதைச் செயலாளரும் செய்தார். இன்னொரு பெரியவரிடம் போனார். போதகர் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் பெண் அடங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். போதகர் தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார். அவருடைய மகனும் அதே ஸ்டார் பேட்சில்தான் இருக்கிறான், முதல் வரிசையில், என்பது அப்போதுதான் செயலாளருக்கு நினைவு வந்தது. போதகர் பிரசங்கபீடத்தில் நின்று ஓய்வுநாளைப் பற்றிப் பேசும்போது போதகரின் மகன் மூலக்கூறுகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

"அவன் சாயங்காலம் ஆராதனையை வீடியோல பாத்துடறான்" என்றார் போதகர். பிறகு, உண்மையை முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "ஒன்றரை மடங்கு வேகத்துல" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மகள் மறுபேச்சுப் பேசாமல் காரில் ஏறினாள். ஆலயத்தைத் தாண்டும்போது இங்கே இறக்கிவிடுங்கள் என்று ஒரு தடவை கேட்டாள். அவர் கேட்காதவர்போல ஓட்டினார். சென்டர் வாசலில் இறங்கி உள்ளே போனாள். அப்பாடா என்று திரும்பி வந்து, பேட்ஜ் குத்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு பாட்டுப் புத்தகம் கொடுத்தார். இரண்டாவது பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த நேரம். வாசலில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். டியூஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெற்றி வியர்வை காதோரம் வழிய, மகள் நின்றாள். சென்டரிலிருந்து ஆலயத்துக்கு நடந்தால் முக்கால் மணி நேரம்.

அவள் கையை நீட்டினாள். உள்ளே வருகிற யாருக்கும் புத்தகம் கொடுப்பது அவர் வேலை. கொடுத்தார். அவள் நேராகப் போய், மூன்றாவது பெஞ்சில் கைப்பைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கைப்பைக்காரி ஒருத்தி திரும்பி முறைத்தாள்.

ஆராதனை முடிந்து காரில் ஏறியதும்தான் வகுப்பைக் கட்டடித்ததற்குத் திட்டத் தொடங்கினார். கட்டடிக்கவில்லை, சென்டர் நடத்துகிற சாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள் அவள். மொட்டை சார் என்று பிள்ளைகள் அழைக்கும் அந்த மனிதருக்குக் கடவுளும் கிடையாது, பூஜையும் கிடையாது, இயற்பியல்தான் எல்லாம். வேறு நாளில் வகுப்பு உண்டா என்று கேட்டதற்கு, புதன்கிழமை சாயங்காலம் சாதாரண பேட்ச் எப்போதும் இருக்கிறதே என்றாராம். அதோடு அவளுடைய சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தாராம்.

"அதுல ஒரு கேள்வி இருக்குப்பா. மாணவிக்கு வேற வேலை இல்லாத நேரம் எதுன்னு. நீங்க ஞாயிறு காலைன்னு எழுதியிருக்கீங்க."

செயலாளர் சாலையைப் பார்த்தார்.

"அவருக்கே ஆச்சரியமா இருந்துதாம். என்னைக் கூப்பிட வர்றப்ப உங்க சட்டைல சிலுவை பேட்ஜ் பாத்துட்டு, இவங்க கோயில் சாயங்காலம் போல இருக்குன்னு நெனச்சுக்கிட்டாராம்."

அவள் ஜெயித்தவள்போலச் சொல்லவில்லை. மார்க் பட்டியலை வாசிப்பதுபோல வாசித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பேட்ச் மாற்றுவதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை எடுத்து, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

அந்தத் தாள் மூன்று நாள் அங்கேயே கிடந்தது. சாதாரண பேட்ச் என்றால் தேறாத பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ஸ்டார் பேட்ச் இடத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது. ஊர் என்ன சொல்லும்? மனைவியிடம் புலம்பினார். அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; அதிகம் பேசாமல், வந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துப் பழகியவள். "கேட்ட கேள்விக்கு நீங்கதானே பதில் எழுதுனீங்க. அது தப்புன்னா மாத்துங்க. சரின்னா விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போனாள்.

படிவத்தை எழுதிய நாளை நினைத்துப் பார்த்தார். சிக்னலில் வண்டி நின்றபோது ஸ்டியரிங் மேல் வைத்து எழுதியது. திங்கள் கணக்கு வகுப்பு. செவ்வாய் நீச்சல். புதன் அவருக்குக் கமிட்டி, கார் இருக்காது. வியாழன், வெள்ளி பள்ளியிலேயே நேரமாகிவிடும். சனி டிரைவிங் ஸ்கூலுக்கு ஆள் வருகிற நாள். இப்படி ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றதும், அப்பா, ஒன்று காலியாக இருக்கிறதே என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் இப்போது உறுத்தியது. கடவுளை அவர் மறுக்கவில்லை, எதிர்க்கவில்லை. வேலை இல்லாத நேரம் என்று எழுதிவைத்தார், அவ்வளவுதான். அதையும் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார்.

புதன்கிழமை காலை கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் கமிட்டியில் எழுந்து நின்று, படிவத்தில் தான் எழுதியதை அப்படியே சொன்னார். பிள்ளைகளை இங்கிருந்து வெளியேற்றியது உலகமல்ல, நாம்தான், காரில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டிருக்கிறோம் என்றார். மேசையைத் தட்டுகிற பொருளாளர்கூடக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இது உங்க குடும்ப விஷயம். மினிட்ஸ்ல ஏத்த வேண்டாம்" என்றார் அவரே.

ஏற்றவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. வாலிபர்களின் வசதியை முன்னிட்டு அவர்களுக்கென்று ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தனி ஆராதனை. ஏழு மணிக்கு முடிந்துவிடும். எட்டு மணிக்கு அவர்கள் எங்கே போக வேண்டுமோ அங்கே போகலாம். எங்கே என்று தீர்மானத்தில் இல்லை. எல்லோரும் கை தூக்கினார்கள், போதகர் உட்பட. செயலாளர் மட்டும் தூக்கவில்லை. ஆனால் செயலாளர் என்ற முறையில், அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டியவர் அவர்தான். எழுதினார். அதற்குக் கீழேயே தன் ராஜினாமாவையும் எழுதினார். சென்டருக்குப் பஸ் கிடையாது. இனிப் புதன் சாயங்காலங்களில் மகளைக் கொண்டுபோய் விடவேண்டும் என்று காரணம் போட்டார். அவர் சேவையைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அவர் இடத்துக்குப் பொருளாளரின் மைத்துனர் வந்தார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் ஸ்டார் பேட்ச்.

ஆறு மணி ஆராதனைக்கு முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள், தூக்கக் கண்ணோடு. இரண்டாம் வாரம் நான்கு பேர். மூன்றாம் வாரம் பேச வேண்டிய ஆலோசகரே அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். இக்காலப் பிள்ளைகளுக்கு எத்தனை செய்தாலும் போதாது என்று கமிட்டி வருத்தப்பட்டது.

புதன்கிழமை வகுப்பு இரண்டு மணி நேரம். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரமிருக்காது என்பதால் அவர் சென்டர் எதிரே காரிலேயே உட்கார்ந்திருப்பார். ஸ்டார் பேட்ச் அப்பாக்கள் வாசலில் கூட்டமாக நின்று மார்க் பேசுவார்கள். இந்த பேட்சுக்கு அப்பாக்கள் வருவதில்லை. சைக்கிளில் வந்து சைக்கிளில் போகிற பிள்ளைகள். அவர்களில் யாரும் அவள் நாற்காலியிலிருந்து தள்ளி உட்காரவில்லை. இரண்டு பேர், சும்மா பார்க்கலாமே என்று, ஒரு ஞாயிறு அவளோடு ஆலயத்துக்கு வந்துவிட்டுப் போனார்கள்.

நான்காவது புதன் அது. கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? கமிட்டி, கூட்டம் எல்லாம் இல்லாம, நீங்களா கடைசியா எப்ப ஜெபம் பண்ணீங்க?"

பழைய ஆளாக இருந்தால், பெரியவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு அதட்டு அதட்டியிருப்பார். பொய் சொல்லியிருக்கவும் கூடும். நாக்கு அதற்குப் பழகியதுதான்.

"ஞாபகம் இல்ல பாப்பா" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆறுதலாக எதுவும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடினார். 'மேன்மையும் மகத்துவமுமான' என்று தொடங்கினார். 'இந்த நல்ல வேளைக்காக, கூடி வந்திருக்கிற ஒவ்வொருவருக்காகவும்' என்று இரண்டாவது வாக்கியம் தானாக வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். காரில் அவரைத் தவிர யாரும் கூடி வந்திருக்கவில்லை. இருபது வருடமாகக் கூட்டத்துக்குக் கேட்கும்படி ஜெபித்த வாய்க்குத் தனியாகப் பேச ஒரு வார்த்தை தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். மகள் திரும்பி வரும்வரை அப்படியே இருந்தார்.

பரீட்சையில் அவளுக்கு ரேங்க் வரவில்லை. அவள் ஆசைப்பட்ட படிப்பு கிடைக்கவில்லை. அடுத்தபடியாக எழுதியிருந்தது கிடைத்தது. போதகரின் மகன் படம் சென்டர் சுவரில் பெரிதாக ஒட்டப்பட்டது. அவன் வெளியூர்க் கல்லூரிக்குப் போனவன், விடுமுறைக்கு வந்தபோதும் ஆலயத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போதகர் யாரிடமும் அதைப் பேசுவதில்லை. சில ஞாயிறுகளில் பிரசங்கத்தின் நடுவே நிறுத்தி, அந்தக் கடைசி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சபையார் அவருக்கு வரி மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மகள் விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். ஒரு வாரம், இன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை, மனசு வரவில்லை, படுத்தே இருந்துவிட்டேன் என்றாள். உபதேசம் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, நம் கோயிலில் இன்று எந்தப் பாட்டெல்லாம் பாடினார்கள் என்று அவள் கேட்டதற்கு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.